நாற்காலியை விட்டு எழும்போது கணினித் திரையைப் பூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2011 டிசம்பர் கடைசி வாரம். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு லாரி நிறுவனத்தில் சம்பளக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டு இறுதி போனஸ் பட்டியல் திரையில் விரிந்து கிடந்தது. வாசலில் பார்சல் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன். கையெழுத்துப் போட்டு, கொண்டுவந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்ப ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ட்ரிப் ஷீட் கொடுக்க வந்த ஓட்டுநர் ஒருவர் என் மேசை முன் நின்றுகொண்டிருந்தார். அவர் எதையும் தொடவில்லை. பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இரண்டு வரி கீழே, அவரே கூட்டி வந்து வேலைக்குச் சேர்த்துவிட்ட நண்பரின் பெயர், நானூறு வெள்ளி அதிகமாக. "பரவாயில்லைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷீட்டை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

இரண்டு விசைகளை அழுத்த ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை நான் செலவழிக்கவில்லை.

இப்போது பினாங்குத் தீவிலும் பிறையிலும் சிறிய அலுவலகங்களுக்குக் கணக்கும் பார்க்கிறேன், கணினிகளையும் அமைத்துக் கொடுக்கிறேன். கிளினிக், டியூஷன் சென்டர், லெபோ பாசார் பக்கம் இரண்டு மொத்த வியாபாரக் கடைகள். எங்கே போனாலும் முதலில் பார்ப்பது திரைப் பூட்டைத்தான். நம் திரையில் இருப்பவற்றில் பெரும்பங்கு அடுத்தவருடையது: நோயாளியின் அடையாள அட்டை எண், ஊழியரின் சம்பளம், ஒரு பிள்ளையின் மதிப்பெண். அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தது அது. எதிரே நிற்பவர் நல்லவராகவே இருந்தாலும் கண்ணில் பட்டதைப் படாததாக ஆக்க முடியாது. கீழே இருப்பதெல்லாம் நான் ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து செய்து கொடுப்பவை, அதே வரிசையில்.

முதலில், எது பூட்டு, எது பூட்டு இல்லை

மானிட்டரின் பொத்தானை அழுத்தி விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் இன்றும் நிறையப் பேர். அது பூட்டு இல்லை. அடுத்து வருபவர் அதே பொத்தானை அழுத்தினால் நீங்கள் விட்ட இடத்திலேயே திரை வந்து நிற்கும். எல்லா ஜன்னல்களையும் கீழே இறக்கிவிட்டுப் போவதும் அப்படித்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரை தானாகக் கறுத்துப்போவதையும் நம்ப வேண்டாம். மேசைக் கணினியில் திரை அணைவது ஒரு வேலை, பூட்டு விழுவது வேறு வேலை. மவுஸைத் தொட்டதும் பின் எண்ணோ (PIN) பாஸ்வேர்டோ கேட்டால்தான் பூட்டியிருக்கிறது என்று பொருள்.

பூட்டும்போது உங்கள் வேலை எதுவும் மூடப்படுவதில்லை. திறந்திருந்த கோப்பு, இறங்கிக்கொண்டிருந்த டவுன்லோடு, அச்சாகிக்கொண்டிருந்த பக்கம் எல்லாம் பின்னால் நடந்துகொண்டேயிருக்கும். பூட்டினால் வேலை போய்விடும் என்று பயந்தே பலர் பூட்டாமல் விடுகிறார்கள். போவதில்லை. சைன் அவுட் செய்தால்தான் எல்லாம் மூடும். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அணைத்துவிடுங்கள், இடையில் எழுந்தால் பூட்டுங்கள். இருந்தாலும் பூட்டும் முன் கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்திக் கோப்பைச் சேமித்துவிடுவது நல்லது. மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை பிடித்துக் கரண்ட் போகும் ஊர் நம்முடையது.

கையால் பூட்டுவது: விண்டோஸ்

விசைப்பலகையின் கீழ் வரிசையில் இடப்பக்கம் நான்கு கட்டம் போட்ட விசை இருக்கும். அதுதான் விண்டோஸ் விசை. அதை அழுத்திக்கொண்டே எல் எழுத்தைத் தட்டுங்கள். முடிந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல் இன்றைய விண்டோஸ் 11 வரை இது மாறவேயில்லை. கணினி ஆங்கிலத்தில் இருந்தாலும் மலாயில் இருந்தாலும் இதே இரண்டு விசைகள்தான்.

ஒரு கையால் முயல வேண்டாம், எட்டாது. இடது கை விண்டோஸ் விசைக்கு, வலது கை எல்லுக்கு. அழுத்தியும் பூட்டவில்லையென்றால் விசைப்பலகையைப் பாருங்கள். கேம் விளையாடுவோருக்கான விசைப்பலகைகள் பலவற்றில் விண்டோஸ் விசையை முடக்கி வைக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது, பிள்ளைகள் விளையாடிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அதுவரைக்கும் வேறு இரண்டு வழிகள் உண்டு. கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பக்கத்தில் லாக் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் ஸ்டார்ட் பொத்தானைத் திறந்து, பெயரோ படமோ இருக்கும் இடத்தைச் சொடுக்கி, அங்கிருந்து பூட்டலாம்.

இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பழக்கமாக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. "நினைவு வைத்துக்கொள்வேன்" என்று மட்டும் இருந்தால் நிற்காது. ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட வேண்டும். நான் போட்ட முடிச்சு கைப்பேசி. மேசையை விட்டு எழுந்தால் போனை எடுக்காமல் யாரும் போவதில்லை. அதனால் போனை விசைப்பலகைக்கு மேற்புறத்தில் வைக்கப் பழகினேன். எடுக்கக் கை நீளும்போதே விசைகள் கண்ணில் படும். பூட்டிவிட்டுத்தான் போன். பிறையில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருக்கும் தங்கை தண்ணீர் போத்தலோடு முடிச்சுப் போட்டிருக்கிறார். எது உங்களுக்கு ஒட்டுகிறதோ அது.

பக்கத்து அறைக்குத்தானே, ஒரு நிமிடம்தானே என்று தோன்றும் இடங்களில்தான் பூட்டு அதிகம் தேவைப்படுகிறது. சாப்பாட்டுக்குப் போகும்போது பூட்டுகிறவர்கள்கூட இங்கே விட்டுவிடுவார்கள். கடையில் இருந்து பக்கத்துக் கடைக்குச் சில்லறை மாற்றப் போனால்கூடக் கிரில்லை இழுத்துவிட்டுப் போகிறோமே, அந்தக் கை இங்கேயும் வேண்டும்.

தானாகப் பூட்டுவது: இரண்டாவது வலை

கை மறக்கும் நாளுக்காக இது. ஐந்து நிமிடத்தில் பூட்டும்படி வைத்தாலும் அந்த ஐந்து நிமிடம் திறந்தேதான் இருக்கும். 2011-இல் எனக்கு நடந்தது அவ்வளவு நேரத்துக்குள்தான். அதனால் கையால் பூட்டுவதற்கு இது மாற்று ஆகாது.

விண்டோஸ் 11-இல் இப்படிச் செய்யுங்கள்:

1. விண்டோஸ் விசையோடு ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். கணினி மலாயில் இருந்தாலும் உள்ளே படங்களின் வரிசை ஒன்றுதான்.
2. இடப்பக்கம் பர்சனலைசேஷன், அதற்குள் லாக் ஸ்கிரீன். அந்தப் பக்கத்தின் அடியில் ஸ்கிரீன் சேவர் என்ற வரி இருக்கும், அதைச் சொடுக்குங்கள்.
3. சிறிய பெட்டி ஒன்று திறக்கும். மேலே பிளாங்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மீன் நீந்துவதும் எழுத்து பறப்பதும் வேண்டாம்.
4. வெயிட் என்ற இடத்தில் 5 என்று போடுங்கள்.
5. பக்கத்திலேயே 'ஆன் ரெஸ்யூம், டிஸ்பிளே லாகான் ஸ்கிரீன்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் சரிக்குறி போடுங்கள். ஓகே கொடுங்கள்.

ஐந்தாவது படிதான் பூட்டு. நான் போய்ப் பார்த்த கணினிகளில் ஸ்கிரீன் சேவர் ஓடிக்கொண்டிருக்கும், இந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். மவுஸை அசைத்தால் எல்லாம் திறந்துவிடும். பூட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பல வருடம் வேலை செய்திருப்பார்கள்.

எத்தனை நிமிடம் வைப்பது? வாடிக்கையாளர் எட்டிப் பார்க்கக்கூடிய கவுண்டர் என்றால் 2 அல்லது 3. உள்ளறை என்றால் 5. வீட்டில் 10 வைத்தாலும் பரவாயில்லை. ஒரு நிமிடம் வைக்கச் சொல்லும் முதலாளிகள் உண்டு. நான் வேண்டாம் என்றே சொல்வேன். காகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போடும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை திரை பூட்டிக்கொண்டால், இரண்டாம் நாளே யாராவது அதைத் தூக்கிவிடுவார்கள். அதற்கு ஐந்து நிமிடம் எவ்வளவோ மேல்.

விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் ஊழியர்களால் மாற்ற முடியாத வழி ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்டில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்று தேடித் திறந்து, லோக்கல் பாலிசீஸ், அதற்குள் செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் போய், 'இன்டராக்டிவ் லாகான்: மெஷின் இன்ஆக்டிவிட்டி லிமிட்' என்ற வரியைக் கண்டுபிடியுங்கள். அங்கே நேரம் நொடியில் கேட்கும். ஐந்து நிமிடத்துக்கு 300. ஊழியர்களின் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டராக இல்லாதவரை அவர்களால் இதைத் தொட முடியாது.

அப்புறம், தூக்கத்திலிருந்து (ஸ்லீப்) எழும் கணினி. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ். நீங்கள் விலகியிருந்தால் மறுபடி எப்போது கேட்க வேண்டும் என்ற கேள்விக்கு, கணினி தூக்கத்திலிருந்து எழும்போது என்ற விடை இருக்கட்டும். நெவர் என்று இருந்தால் மாற்றுங்கள்.

இப்போது, பூட்டு வேலை செய்யாமல் போகும் ஒரு காரணம். மேலே சொன்ன கிளினிக்கில் எல்லாம் அமைத்துக் கொடுத்து ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. "அக்கா, நீங்க வெச்ச பூட்டு விழவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் கவுண்டர் கணினியில் காலை முதல் சாயங்காலம் வரை யூடியூபில் பக்திப் பாடல். காணொளி ஓடிக்கொண்டிருக்கும்வரை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பிரவுசர் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன் சேவர் வராது. பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காத்திருக்கும் நோயாளிகளுக்கும் அது ஆறுதல். ஒரு பழைய டேப்லெட்டை அலமாரியில் வைத்து அதில் பாட்டு ஓடவிட்டோம், கவுண்டர் கணினி தானாகப் பூட்டத் தொடங்கிவிட்டது.

டைனமிக் லாக் என்று ஒரு வசதி 2017-இல் வந்தது. கைப்பேசியைப் புளூடூத்தில் கணினியோடு இணைத்து, சைன்-இன் ஆப்ஷன்ஸில் அதை முடுக்கிவிட்டால், போன் எட்டாத தூரம் போய் அரை நிமிடம்போல் ஆனதும் திரை பூட்டிக்கொள்ளும். திரும்பி வந்தால் தானாகத் திறக்காது, அதுவே சரி. பெரிய அலுவலகத்தில், மாடியும் கீழுமாக நடப்பவர்களுக்கு நன்றாக இருக்கிறது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பின்கட்டுச் சமையலறையில் தே ஓ கலக்கிக்கொண்டு நின்றால்கூடச் சில சமயம் சிக்னல் எட்டிவிடுகிறது. போனை மேசையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போனால் சுத்தமாகப் பயன் இல்லை. பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் புளூடூத்தே இருக்காது, தனியாக ஒரு சிறிய யூஎஸ்பி வாங்கிச் செருக வேண்டும்.

சாவி: பின் எண்ணா, பாஸ்வேர்டா

பூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாவி ஊருக்கே தெரிந்தால் என்ன செய்வது?

இந்த ஊரில் பின் எண் வைக்கச் சொன்னால் பத்தில் ஏழு பேர் காரின் நம்பரைத்தான் சொல்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். அந்தக் கார் அலுவலக வாசலிலேயே நிற்கிறது. அடுத்த இடம் பிறந்த தேதிக்கு. நம் அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதிதான். அந்த எண்ணை எத்தனை பாரத்தில் எழுதிக் கொடுத்திருப்போம். இரண்டையும் விடுங்கள். வீட்டு எண், பள்ளி விட்ட வருடம் இவையும் வேண்டாம். ஆறு இலக்கத்துக்குக் குறையாமல், வாழ்க்கையோடு சம்பந்தமே இல்லாத எண்ணாக வையுங்கள். பின் எண் மாற்றும் இடத்தில், எழுத்தும் குறியும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். முடிந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

நீளமான பாஸ்வேர்டைவிட பின் எண் பலவீனமானது என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸில் உள்ள பின் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே செல்லும். கவுண்டரில் நின்று யாராவது நீங்கள் அடிப்பதைப் பார்த்துவிட்டாலும், அவர் வீட்டுக்குப் போய் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கை அதை வைத்துத் திறக்க முடியாது. பாஸ்வேர்டைப் பார்த்துவிட்டால் மெயில் முதல் எல்லாம் போகும். ஆட்கள் நடமாடும் இடத்தில் பின் நல்லது. கைரேகை படிக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. தமிழ்99-இல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது பூட்டிவிட்டுப் போனால், திரும்பி வந்து பாஸ்வேர்ட் அடிக்கும்போதும் அதே விசைப்பலகை நின்றுகொண்டிருக்கக்கூடும். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும், அதனால் தமிழ் எழுத்து விழுவது தெரியாமல் நாலைந்து முறை தவறாக அடித்துப் பதறிப்போவோம். வலது கீழ் மூலையில் மொழிக்குறி இருக்கும். அதைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அடியுங்கள். ஒரு தமிழாசிரியர் இதனால்தான் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டிருந்தார்.

பின்னை எழுதி விசைப்பலகையின் அடியில் ஒட்டி வைப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேதான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள்.

மேக், லினக்ஸ், குரோம்புக்

மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கண்ட்ரோலை விட்டுவிட்டுக் கமாண்டும் கியூவும் மட்டும் அழுத்தினால் திறந்திருக்கும் செயலி மூடிவிடும், கவனம். கைரேகைப் பொத்தான் உள்ள விசைப்பலகையில் அந்தப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாலே பூட்டும். தானாகப் பூட்ட, சிஸ்டம் செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பக்கம் போய், ஸ்கிரீன் சேவர் தொடங்கியதும் அல்லது திரை அணைந்ததும் பாஸ்வேர்ட் கேட்கும் நேரத்தை 'இமீடியட்லி' என்று வையுங்கள். மேக்கில் எனக்குப் பிடித்தது ஹாட் கார்னர்ஸ். டெஸ்க்டாப் அண்ட் டாக் பக்கத்தின் அடியில் இருக்கும். ஒரு மூலைக்கு லாக் ஸ்கிரீன் என்று கொடுத்துவிட்டால் மவுஸை அந்த மூலைக்குத் தள்ளினாலே போதும்.

உபுண்டுவில் விண்டோஸ் விசையும் எல்லும்தான், அங்கே அதற்குச் சூப்பர் விசை என்று பெயர். லினக்ஸ் மின்டின் சின்னமன் பதிப்பில் கண்ட்ரோல், ஆல்ட், எல். உபுண்டுவில் தானாகப் பூட்டுவது செட்டிங்ஸில் பிரைவசி பக்கத்தில் ஸ்கிரீன் லாக் என்ற பெயரில் இருக்கும். குரோம்புக்கில் சர்ச் விசையும் எல்லும்.

பூட்டிய பிறகும் கசியும் இடங்கள்

பூட்டிய திரையின் மேலேயே அறிவிப்புகள் வரலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், லாக் ஸ்கிரீனில் அறிவிப்புகளைக் காட்டுவதை அணைத்துவிடுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகங்களில் இது முக்கியம். யார் யாருக்கு மெயில் அனுப்பினார் என்ற ஒரு வரியே போதும்.

வீட்டிலிருந்து அலுவலகக் கணினியில் நுழைந்து வேலை பார்ப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் என்றால், நீங்கள் நுழைந்ததும் அங்குள்ள திரை பூட்டிக்கொள்ளும். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவற்றில் சாதாரணமாக அப்படி இல்லை. நீங்கள் ஆயர் ஈத்தாமில் வீட்டில் உட்கார்ந்து மவுஸை நகர்த்தினால், அலுவலகத்து மானிட்டரில் அது அப்படியே ஓடும். துப்புரவு செய்ய வந்தவர், பாதுகாவலர், யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். முடித்துவிட்டுத் துண்டித்தாலும் அங்கே திரை திறந்தே கிடக்கும். இரண்டு செயலிகளிலும் இணைப்பு முடிந்ததும் அந்தப் பக்கக் கணினியைப் பூட்டும் அமைப்பு உண்டு, அதை முடுக்கிவிடுங்கள். அலுவலகத்து மானிட்டரையும் வெள்ளிக்கிழமை கிளம்பும்போதே அணைத்துவிட்டுப் போங்கள். மானிட்டரை அணைப்பது உதவும் ஒரே இடம் இதுதான்.

கணினியை மறுபடி தொடங்கினால் நேராக உள்ளே போய்விடுகிறதா என்று பாருங்கள். போனால், நீங்கள் போட்ட பூட்டை யாரும் மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகித் தாண்டிவிடலாம். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்று சேர்த்தடித்து என்டர் கொடுங்கள். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டத்தில் சரிக்குறி இருக்க வேண்டும். அந்தக் கட்டமே கண்ணில் படவில்லையென்றால், பெரும்பாலும் பின் எண்ணைக் கட்டாயமாக்கும் அமைப்பு ஏற்கெனவே போட்டிருக்கிறது என்று பொருள். கவலை இல்லை.

கணினியையே தூக்கிக்கொண்டு போனால் திரைப் பூட்டு தடுக்காது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் எல்லாம் தெரியும், மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்புகளை மாற்றிவைப்பது) செய்திருந்தால் தவிர. விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் பல கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன், மேக்கில் ஃபைல்வால்ட். கிளினிக்குக்கும் கணக்கு அலுவலகத்துக்கும் நான் இதைக் கண்டிப்பாகப் போடச் சொல்வேன். போடும்போது கிடைக்கும் மீட்புச் சாவியை (பிட்லாக்கரில் 48 இலக்கம்) அச்செடுத்து, கணினி இருக்கும் இடத்தில் வைக்காமல், வீட்டில் நகைப் பெட்டியோடு வையுங்கள். அது தொலைந்து, பின்னும் மறந்துபோனால் தரவு திரும்பாது.

ஒரே கணினி, நாலு பேர்

சிறிய இடங்களில் பெரிய சிக்கல் இதுதான். எல்லாரும் ஒரே பின், எல்லாரும் ஒரே கணக்கு. அப்படி இருந்தால் பூட்டுக்கு அர்த்தம் பாதி போய்விடுகிறது, யார் என்ன செய்தார் என்றும் தெரியாது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் ஆளுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலும் திறக்கலாம். அந்த ஆளின் விவரம் என்னிடம் இல்லை என்ற வரியைச் சொடுக்கினால் அடுத்த பக்கத்தில் அந்த வழி வரும். வேலை செய்பவர்களுக்கு ஸ்டாண்டர்டு யூசர் போதும். அட்மினிஸ்ட்ரேட்டர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

ஒருவர் பூட்டிவிட்டுப் போனபின் இன்னொருவர் தன் பெயரைச் சொடுக்கி உள்ளே வரலாம். முதல் ஆளின் கோப்புகள் பின்னால் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டாவது ஆள் கணினியை அணைத்தால் முதல் ஆள் சேமிக்காதது போய்விடும். இதை எல்லாரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதல் சண்டை இதில்தான் வரும்.

"என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்று ஒரு தம்பி கேட்டார், லெபோ பாசாரில். பதினாறு வருடமாக அந்தக் கடையில் இருப்பவர். கேட்டதில் நியாயம் இருந்தது. நான் அவரிடம் சொன்னது இதுதான்: நாளைக்கு ஏதாவது ஒரு ரசீது மாறிப்போனால், உங்கள் பெயரில் நீங்கள் செய்தது மட்டும்தான் இருக்கும். மற்றவர் செய்தது உங்கள் தலையில் விழாது. அன்றைக்கே தன் கணக்கைத் தானே திறந்துகொண்டார்.

பணம் வாங்கும் கவுண்டரில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கு நடுவிலும் விண்டோஸைப் பூட்டித் திறப்பது நடக்காத காரியம். அங்கே பில் போடும் செயலியிலேயே ஆளுக்கு ஓர் எண் கொடுத்து அதைப் பூட்டச் சொல்லுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

அமைத்துவிட்டோம் என்று எழுந்துவிட வேண்டாம். கையால் பூட்டி, மவுஸை அசைத்துப் பாருங்கள். பிறகு எதையும் தொடாமல் ஆறு நிமிடம் காத்திருங்கள், போனில் நேரம் வைத்தே காத்திருங்கள். பூட்டிய திரைக்கு இன்னொரு போனிலிருந்து வாட்ஸ்ஆப் அனுப்பி எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு முறை ரீஸ்டார்ட். விண்டோஸ் பெரிய அப்டேட் வந்த மறுநாளும் இதே நான்கையும் செய்யுங்கள், சில அமைப்புகள் மாறிப்போயிருந்து நான் பார்த்திருக்கிறேன். இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன வழிகள் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, மாற்றத் திட்டமிடுங்கள்.

பூட்டாமல் போய்விட்டீர்கள், யாரோ உட்கார்ந்திருந்தார்

உடனே அவரோடு வாக்குவாதம் வேண்டாம். முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள், திரையில் என்ன திறந்திருந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பாருங்கள். அனுப்பிய மெயில்கள், குப்பைத் தொட்டி, பிரவுசரின் ஹிஸ்டரி, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அண்மையில் திறந்த கோப்புகள். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் பகுதியில் அறியாத முகவரி சேர்ந்திருக்கிறதா? இதைப் பலர் பார்ப்பதில்லை. சேர்ந்திருந்தால் வரும் கடிதம் எல்லாம் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் போனில் வாட்ஸ்ஆப்பைத் திறந்து, லிங்க்டு டிவைசஸில் தெரியாத கருவி இருந்தால் நீக்குங்கள். மெயிலின் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் உங்கள் வங்கியை அழையுங்கள், அல்லது தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணை. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் குற்றம். அதற்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

நம் பக்கத்துப் பொறுப்பும் சிறியதில்லை. வியாபாரத்துக்காக அடுத்தவர் விவரங்களை வைத்திருப்பவர் அவற்றைக் காக்க வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2024-இல் செய்த திருத்தத்தில் அபராத உச்சம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ஆகியிருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால்தான் முதலில் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன்.

சட்டம் கேட்காத அளவுக்குச் சின்ன விஷயமாக இருந்தாலும், யாருடைய விவரம் திரையில் இருந்ததோ அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். எது தெரிந்திருக்கும், எது தெரிந்திருக்காது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த லாரி அலுவலகத்துப் பட்டியலில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரிடமாவது அன்று மாலையே போய்ப் பேசியிருக்க வேண்டும்.